ஒரு பல்லுக்கு மூன்று நடை

ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல் ஒருவழியாகப் போய்த் தொலைந்தது. ஐந்து நிமிட வேலை. அதற்கு மூன்று முறை டவுனுக்கு அலைந்தேன். தோட்டத்திலிருந்து 12 கிலோமீட்டர், அக்கா மகனுடைய மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து.

எனக்கு 11 வருடமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். கிளினிக்கில் ரத்தம் எடுக்கிறார்கள், பாதத்தைத் தடவிப் பார்க்கிறார்கள், கண்ணைப் படம் பிடிக்கிறார்கள். வாயைத் திறக்கச் சொல்லி மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. பல் விளக்கும்போது ரத்தம் வந்ததை நானும் பிரஷ் மேல் பழி போட்டு விட்டுவிட்டேன்.

முதல் நாள் பல் கிளினிக் கவுன்டரில், "புக்கு எங்கே?" என்றார் அந்த அம்மா. இனிப்பு நீருக்குக் கொடுக்கும் புத்தகம். என்ன மாத்திரை, கடைசி ரீடிங் என்ன, எல்லாம் அதில்தான் இருக்கிறது. கேட்டது நியாயம்தான். ஆனால் போன வாரம் தேதி எழுதிக் கொடுத்ததும் இதே அம்மாதான். அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

இரண்டாவது தடவை புத்தகம் இருந்தது; வயிற்றில் ஒன்றும் இல்லை. கிளினிக் என்றாலே பட்டினி என்று பழகிய உடம்பு. மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டு போனேன். ஒன்பதரைக்குக் கை நடுங்கியது, சட்டை நனைந்தது. பக்கத்தில் இருந்த மக்சிக், அதாவது வயதான மலாய்க்கார அம்மா, தன் பேரனுக்கு வைத்திருந்த பாக்கெட் மைலோவை என் கையில் திணித்தார். விரலில் குத்திப் பார்த்தால் ரீடிங் 3.4, இனிப்பு ரொம்ப இறங்கிவிட்டது. "அங்கிள், பட்டினி ரத்தப் பரிசோதனைக்கு. பல் பிடுங்க பசியாறிவிட்டு வாங்க" என்றார் டாக்டர். திரும்பவும் வீடு.

மூன்றாவது நாள் தோசை, பருப்புக் குழம்பு, நேரத்துக்கு மாத்திரை. ரீடிங் 8.9. பல் வந்துவிட்டது.

அப்புறம்தான் டாக்டர் ஈறைக் காட்டினார். ஈறில் புண் இருந்தால் இனிப்பு லேசில் இறங்காதாம், இனிப்பு ஏறினால் ஈறும் ஆறாதாம். எனக்கு மூன்று மாத இனிப்புச் சராசரி (HbA1c) 9.2 சதவீதத்துக்குக் கீழே வராததற்கு, நான் ஒளிந்து தே தாரிக் என்ற இனிப்புப் பால் டீ குடிக்கிறேன் என்று வீட்டில் சண்டை. அதில் பாதி உண்மை. மீதிப் பாதி ஈறு என்று அன்று மாலையே சொல்லிவிட்டேன், வாயில் பஞ்சோடு.

அடுத்த மாதம் பல் சுத்தம் செய்யத் தேதி. கார்டை வாங்கியதும் கவுன்டரிலேயே பேனா கேட்டு, 'புக்கு, பசியாறல்' என்று நானே எழுதிக்கொண்டேன். அந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.