சாசன இயக்கத்தைப் படிக்க ஒரு வழி: பத்திரிகையின் விலையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

குடிமைப் பணித் தேர்வில் வரலாறு விருப்பப் பாட மதிப்பெண் வந்துவிட்டது. இரண்டாம் தாள் நன்றாகவே கைகொடுத்தது. இத்தனை நாள் மனத்தில் கிடந்த பாரம் இறங்கிய மாதிரி இருக்கிறது. எதை எப்படிப் படித்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லி மாளாது. அதனால், பலரும் ஒதுக்கிவிடுகிற ஒரே ஒரு பகுதியைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். 1815 முதல் 1850 வரையிலான பிரிட்டிஷ் ஜனநாயக அரசியல். நாடாளுமன்றச் சீர்திருத்தக்காரர்கள், தடையற்ற வணிகர்கள், சாசன இயக்கத்தார் (வாக்குரிமை கேட்டு ‘மக்கள் சாசனம்’ என்ற கோரிக்கைப் பட்டியலோடு திரண்ட தொழிலாளர்கள்) என்று பாடத்திட்டத்தில் ஒரே வரியில் கிடக்கிறதே, அதுதான்.

நான் போன பயிற்சி மையத்தின் குறிப்பில் இதற்கு அரைப் பக்கம்தான். ஆறு கோரிக்கைகள் (எல்லா ஆண்களுக்கும் வாக்கு, ரகசிய வாக்கு, சமமான தொகுதிகள், சொத்துத் தகுதி நீக்கம், உறுப்பினர் ஊதியம், ஆண்டுதோறும் தேர்தல்), நாடாளுமன்றத்துக்கு மூன்று மனுக்கள், தோல்வி. பணம் கட்டிப் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைத்தானா கொடுப்பது என்று இப்போதும் எனக்கு வருத்தம் உண்டு. அதை மனப்பாடம் செய்து எழுதினால் எல்லாருடைய விடையும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கும். எதற்காக அத்தனை லட்சம் பேர் கையெழுத்துப் போட்டார்கள் என்பது அதில் எங்குமே இல்லை.

எனக்குப் பிடி கிடைத்தது வேறு இடத்தில்: பத்திரிகையின் விலை. ஒரு தொழிலாளி செய்தித்தாள் வாங்க எத்தனை பென்ஸ் கொடுக்க வேண்டியிருந்தது, அதில் அரசின் முத்திரை வரி எவ்வளவு என்று மட்டும் வரிசையாகப் பாருங்கள். 1815-இல் வரி 4 பென்ஸ். 1836-இல் 1 பென்னி. 1855-இல் இல்லை. இந்த மூன்று ஆண்டுகளையும் கொடிக்கயிறாகக் கட்டிவிட்டால் பீட்டர்லூ, ஆறு சட்டங்கள், 1832, சாசனம் எல்லாவற்றையும் அதன்மேல் உலர்த்திவிடலாம்.

1815-க்குப் பின் ஒரு செய்தித்தாள் சுமார் 7 பென்ஸ். கைத்தறி நெசவாளியின் வாரக் கூலி பின்னாளில் பல இடங்களில் 7 ஷில்லிங்கைக்கூடத் தொடவில்லை. ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரே ஒரு தாளுக்கு வாரக் கூலியில் பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விடும். ஏழைக்குச் செய்தி எட்டக்கூடாது என்பதே இந்த வரியின் நோக்கம். அதைத்தான் ‘அறிவின் மீதான வரி’ என்றார்கள்.

வில்லியம் காபெட் என்ற பத்திரிகையாளர் இதில் ஓட்டை கண்டுபிடித்தார். செய்தியை விட்டுவிட்டுக் கருத்தை மட்டும் அச்சிட்டால் முத்திரை வேண்டாம். 1816 நவம்பரில் தன் ‘பொலிடிக்கல் ரெஜிஸ்டர்’ இதழை 2 பென்ஸ் துண்டுப் பிரசுரமாக வெளியிட்டார். அது எங்கும் பரவியது. 1817-இல் ஆட்கொணர்வு உரிமை (விசாரணையில்லாமல் சிறையில் அடைப்பதைத் தடுக்கும் உரிமை) நிறுத்தப்பட்டதும் அவர் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். அந்த ஆண்டே வூலரின் ‘பிளாக் டுவார்ஃப்’ இதழ் தொடங்கியது.

1819 ஆகஸ்ட் 16, மான்செஸ்டர் செயின்ட் பீட்டர்ஸ் திடல். சீர்திருத்தப் பேச்சாளர் ஹென்றி ஹன்ட்டின் பேச்சைக் கேட்கச் சுமார் 60,000 பேர் கூடியிருந்தார்கள். குதிரைப்படை புகுந்து வெட்டியது. இதுதான் பீட்டர்லூ. இது எல்லாக் குறிப்பிலும் இருக்கிறது. அதற்குப் பிறகு என்ன என்பதில்தான் மதிப்பெண். டிசம்பரில் வந்த ஆறு சட்டங்களில் ஒன்று காபெட்டின் ஓட்டையை அடைத்தது. 6 பென்ஸுக்குக் குறைந்த விலையில், 26 நாளுக்கு ஒரு முறைக்கு மேல் வருகிற அரசியல் இதழ் எல்லாவற்றுக்கும் இனி முத்திரை உண்டு. வெளியிடுபவர் பிணைத்தொகையும் கட்ட வேண்டும். இந்த ‘26 நாள்’ விவரத்தை எழுதுங்கள். அரசு எதைக் கண்டு பயந்தது என்பது அந்த ஒரு எண்ணிலேயே தெரிந்துவிடும்.

ரிச்சர்ட் கார்லைலை விட்டுவிடாதீர்கள். அரசு வழக்குப் போட்ட நூல்களை வெளியிட்டு விற்றவர், பீட்டர்லூ மேடையில் இருந்தவர். டார்செஸ்டர் சிறையில் ஆறு ஆண்டுகள். மனைவி ஜேனும் சகோதரி மேரி ஆனும்கூடச் சிறைக்குப் போனார்கள். கடையில் விற்பவர் கைதானால் அடுத்த தொண்டர் வந்து நிற்பார். கடைசியில் விற்பவரின் முகமே தெரியாதபடி ஒரு பொறி வைத்தார்கள். வாங்குபவர் ஒரு முள்ளைத் திருப்பிப் புத்தகத்தின் பெயரில் நிறுத்திக் காசைப் போட்டால் புத்தகம் வந்து விழும். இதைப் படித்த பிறகுதான் இந்த மனிதர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

அப்புறம் 1830 முதல் 1836 வரை. நேரம் குறைவாக இருந்தால் இந்த ஆறு ஆண்டுகளை மட்டுமாவது படியுங்கள். ஹென்றி ஹெதரிங்டனின் ‘புவர் மேன்ஸ் கார்டியன்’ 1831 ஜூலையில் 1 பென்னிக்கு வந்தது. அரசு முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு மையில் ஓர் அச்சு இயந்திரத்தின் படம். வலிமைக்கு எதிராக உரிமையின் ஆற்றலைச் சோதித்துப் பார்க்க, சட்டத்தை மீறி வெளியிடப்படுகிறது என்று முகப்பிலேயே அச்சிட்டார்கள். பொலிசாரை ஏமாற்றப் போலிப் பொட்டலங்களை ஒரு பக்கம் அனுப்பிவிட்டு, உண்மையான இதழ்களை வேறு வழியில் வெளியேற்றினார்கள். தெருவில் விற்ற நூற்றுக்கணக்கான ஏழைகள் சிறைக்குப் போனார்கள்.

நடுவில் 1832 சீர்திருத்தச் சட்டம். நகர்ப்புறத்தில் ஆண்டுக்கு 10 பவுன் மதிப்புள்ள வீடு இருந்தால்தான் வாக்கு. கிளர்ச்சியில் முன்னால் நின்ற தொழிலாளிக்கு ஒன்றும் இல்லை. ஓ’பிரையன் ஆசிரியராக இருந்த புவர் மேன்ஸ் கார்டியன் அந்த ஏமாற்றத்தை வாரா வாரம் எழுதியது. 1834-இல், உதவி வேண்டுமானால் ஏழையர் விடுதிக்குள் போக வேண்டும் என்ற புதிய ஏழையர் சட்டமும் வந்தது. சாசனத்தின் வேர் இங்கேதான்.

1836-இல் வரி 1 பென்னியாகக் குறைந்தது வெற்றிதானே என்று எழுதிவிடாதீர்கள். முத்திரையில்லாமல் விற்றால் தண்டனை முன்பைவிடக் கடுமை. ஒரு பென்னி இதழ்கள் மூச்சுவிட முடியாமல் போயின. நடுத்தர வர்க்கத்தாரின் பத்திரிகைகள்தான் விலை குறைந்து லாபம் பார்த்தன. ஆனால் முத்திரை குத்திய தாள் தபாலில் இலவசமாகப் போகும். பின்னாளில் சாசன இயக்கத்தின் தலைவரான ஃபியர்கஸ் ஓ’கானரின் ‘நார்தர்ன் ஸ்டார்’ 1837 நவம்பரில் லீட்ஸில் தொடங்கியபோது இந்த வசதியை முழுக்கப் பயன்படுத்திக்கொண்டது. விலை 4½ பென்ஸ். தனி ஆளுக்குக் கட்டாது என்பதால் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கினார்கள். மதுக்கடையிலும் பட்டறையிலும் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். 1839-இல் வாரம் சராசரி 36,000 படிகள் விற்றது. கேட்டவர்கள் எத்தனை மடங்கு இருப்பார்கள்!

ஆட்களையும் பாருங்கள். 1836-இல், பின்னாளில் சாசனத்தை எழுதிய வில்லியம் லவெட்டுடன் லண்டன் உழைப்பாளர் சங்கத்தை அமைத்த ஹெதரிங்டன், கிளீவ், வாட்சன் மூவருமே முத்திரையில்லாப் பத்திரிகைக்காரர்கள். நார்தர்ன் ஸ்டாரை அச்சிட்ட ஜோஷுவா ஹாப்சன் முன்பே அந்தக் குற்றத்துக்காகச் சிறை போனவர். மான்செஸ்டரில் அதை விற்ற ஏபெல் ஹேவுட்டும் அப்படித்தான். பத்திரிகை விற்ற கைகளே மனுவுக்குக் கையெழுத்து வாங்கின. என் விடைகளின் நடு வாதம் இதுவாகத்தான் இருந்தது.

கையில் வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள்:

1839 மனு: 12.8 லட்சம் கையெழுத்து. அவையில் 235-க்கு 46 என்று தள்ளுபடி
1839 நவம்பர் 4: வேல்ஸின் நியூபோர்ட்டில் ஆயுத எழுச்சி, அதன் தலைவர் ஜான் ஃப்ராஸ்ட் நாடுகடத்தல்
1842 மனு: 33 லட்சம், அதே ஆண்டு பெரும் வேலைநிறுத்தம்
1848 ஏப்ரல் 10: லண்டன் கென்னிங்டன் திடல் கூட்டம், மூன்றாம் மனு. 57 லட்சம் கையெழுத்து என்றார்கள், அவை எழுத்தர்கள் எண்ணியது 19.75 லட்சம்

லவெட்டின் அறவழி, ஓ’கானரின் உடல்பல வழி என்று இரண்டாகப் பிரித்து எழுதுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி போதும்.

தடையற்ற வணிகர்களுடன் ஒப்பிடச் சொன்னால் பணத்தில் தொடங்குங்கள். வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்ட தானியச் சட்டத்தை எதிர்த்த சங்கத்தின் பின்னால் மான்செஸ்டர் ஆலை முதலாளிகள் இருந்தார்கள். 1840-இல் வந்த பென்னி தபாலில் பிரசுரங்களை நாடு முழுக்க அனுப்ப முடிந்தது. 1846-இல் சட்டம் நீங்கியது. ரொட்டி விலை குறைந்தால் கூலியையும் குறைப்பார்கள் என்று சாசன இயக்கத்தார் பலர் சந்தேகித்ததையும் சேருங்கள்.

படிக்கும் முறை என்று பார்த்தால், எனக்குக் குழுவாகப் படிப்பது ஒத்துவராது. தனியாக உட்கார்ந்து ஒரு பெரிய தாளில் விலைக்கோட்டை வரைந்து, நிகழ்ச்சிகளை மேலும் கீழும் எழுதினேன். ஆண்டுகளைத் தனியாக மனப்பாடம் செய்யவே இல்லை. பேசிப் பேசிப் படிக்கிறவர்கள் இதையே ஒருவருக்கொருவர் சொல்லிப் பாருங்கள்.

சாசன இயக்கம் தோல்வியா என்று வந்தால், ஆறில் ஐந்து பின்னாளில் நிறைவேறியது என்பது எல்லாரும் எழுதுவது. ஆண்டுகளோடு எழுதுங்கள்: சொத்துத் தகுதி நீக்கம் 1858, ரகசிய வாக்கு 1872, உறுப்பினர் ஊதியம் 1911. பாடத்திட்டம் 1850-இல் நின்றாலும், விளம்பர வரி 1853-இலும் முத்திரை வரி 1855-இலும் காகித வரி 1861-இலும் ஒழிந்ததை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். 150 சொல் விடையிலும் அதற்கு இடம் இருக்கிறது.