தங்கமும் வெள்ளியும் ஒன்றான நோட்டு

ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலையான என்5-க்கு நான் போட்ட அட்டவணை பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதல் மாதம் ஹிராகானா, இரண்டாம் மாதம் கத்தகானா, பிறகு கான்ஜி. ஜப்பானியர் ஒரே வாக்கியத்தில் கலந்து எழுதும் மூன்று வகை எழுத்துகள் இவை: முதல் இரண்டும் ஒலியைக் குறிப்பவை, கான்ஜி பொருளைத் தாங்கும் சீன எழுத்து. மூன்றையும் தனித்தனியாகப் பிரித்த அந்த அட்டவணையால்தான் கெட்டேன்.

'நான் காப்பி குடிக்கிறேன்' என்பது ஜப்பானியத்தில் 'வதாஷி வா கோஹீ ஓ நோமிமசு'. 'வதாஷி'யைக் கான்ஜியில் எழுதுவார்கள். 'வா', 'ஓ' இரண்டும் நம் வேற்றுமை உருபுகளைப் போன்றவை, அவை ஹிராகானா. காப்பி வெளியிலிருந்து வந்த சொல், ஆகவே கத்தகானா. 'நோமிமசு'வில் குடித்தல் என்ற பொருளைத் தாங்கும் 'நோ' மட்டும் கான்ஜி, 'மிமசு' ஹிராகானா. சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. எழுத்து மாறும் இடத்தை வைத்தே சொல் பிரிவதைக் கண் கண்டுகொள்கிறது. பகுதி கான்ஜியில், விகுதி ஹிராகானாவில் என்று பள்ளியில் படித்த பகுபத உறுப்பிலக்கணத்தோடு சேர்த்துப் பார்த்த நாளில்தான் எனக்குப் பக்கம் தெளிந்தது. எனவே ஹிராகானா முடிந்த மறுநாளே மூன்றும் கலந்த சிறு வாக்கியங்களுக்குப் போய்விடுங்கள்.

ஹிராகானாவில் அடிப்படை எழுத்துகள் 46. அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று போகும் அகரவரிசை நமக்குப் புதிதல்ல. பௌத்தத்தோடு அங்கே போன இந்திய எழுத்து மரபின் தடம் அது. மகரத்துக்கு முன்னால் ஹகரம் ஏன் என்று யோசித்திருக்கிறேன். அந்த ஒலி முற்காலத்தில் பகரமாக இருந்ததாம். ப, ம என்று வைத்துப் பார்த்தால் கணக்குச் சரியாகிறது.

ஆனால் தமிழருக்கென்றே ஒரு குழி இருக்கிறது. சொற்களைத் தமிழில் எழுதிப் படித்தேன். தங்கம் என்பதற்கும் வெள்ளி என்பதற்கும் என் நோட்டில் 'கின்' என்றே இருந்தது! தங்கத்தில் வல்லோசை, வெள்ளியில் 'கங்கை'யின் முதல் எழுத்துப் போன்ற மெல்லோசை. ஜப்பானியர் எழுத்தின் தோளில் இரண்டு சிறு கோடு போட்டு இதைப் பிரிக்கிறார்கள். நம் எழுத்தில் அதற்கு வழியில்லை. இரண்டு வாரத்துக்குமேல் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒலிக்குறிப்பு எழுதாதீர்கள். மாறாக, 'கிதே' என்றால் வா, 'கித்தே' என்றால் அஞ்சல்தலை என்ற ஒற்று வேறுபாடு நம் காதுக்குத் தானாகவே பிடிபடும்.

கத்தகானாவை நான் அலட்சியம் செய்தேன். தேர்வில் சட்டையைக் குறிக்கும் 'ஷாட்சு' வந்தது. அதில் 'ஷி'யும் 'ட்சு'வும் இருக்கின்றன. இரண்டுமே இரண்டு குறுங்கோடு, ஒரு நீள்கோடு. 'ஷி'யில் குறுங்கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும், நீள்கோடு கீழிருந்து மேலேறும். 'ட்சு'வில் குறுங்கோடுகள் பக்கத்துப் பக்கத்தில், நீள்கோடு மேலிருந்து இறங்கும். நான்கு விடைகளும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன. தேர்வில் எழுத வேண்டியதே இல்லை, பென்சிலால் வட்டத்தை நிரப்பினால் போதும் என்று கையால் எழுதிப் பழகாமல் விட்டதன் விலை அது. கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது எழுதிய கைக்குத்தான் தெரியும்.

கான்ஜியில் அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலில் மட்டும் 2,136 எழுத்துகள். மிரள வேண்டாம், என்5-க்கு நூற்றுச் சொச்சம் போதும். ஓர் எழுத்தின் உச்சரிப்புகளை மட்டும் தனியே உருப்போடாதீர்கள். 'நிச்சியோபி' என்றால் ஞாயிற்றுக்கிழமை. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒரே கான்ஜி. தலையில் 'நிச்சி', வாலில் 'பி'. நாட்டின் பெயரான 'நிஹோன்' என்பதில் அதே எழுத்து 'நி'. சொல்லாகப் படித்தால்தான் நிற்கும்.

மொத்தம் 180 மதிப்பெண்ணில் 80 வாங்கினால் தேர்ச்சி. ஆனால் கேட்டல் பகுதியில் 60-க்கு 19 இல்லையென்றால் மொத்தம் எவ்வளவு இருந்தும் பயனில்லை. ஒலிப்பதிவு ஒருமுறைதான் ஓடும். தவறிய கேள்வியை நினைத்துக்கொண்டிருந்து அடுத்த கேள்வியையும் கோட்டைவிட்டேன், இரண்டு முறை.