எஃப்ஹெச்இஏ விண்ணப்பம்: அலுவலகம் அலைக்கழித்தது, வழிகாட்டி கரைசேர்த்தார்

பிரிட்டனில் புதிதாக விரிவுரையாளராகச் சேருகிற பலருக்கும், தகுதிகாண் காலம் முடிவதற்குள் எஃப்ஹெச்இஏ (FHEA) என்னும், உயர்கல்வியில் கற்பிப்பவர்களுக்கான ஃபெலோ தகுதியைப் பெற்றுவிட வேண்டும் என்ற நிபந்தனை பணி ஆணையிலேயே இருக்கும். உயர்கல்விக் கற்பித்தலை மேம்படுத்தும் அட்வான்ஸ் ஹெச்இ அமைப்பு வழங்கும் நான்கு நிலை ஃபெலோஷிப்புகளில் இது இரண்டாவது நிலை. இதில் உதவித்தொகை எதுவும் கிடையாது. நாம் கற்பிக்கும் முறை தேசிய அளவிலான தரநிலைக்கு ஏற்ப இருக்கிறது என்பதற்கான அங்கீகாரம் மட்டுமே. எனக்கு அது அண்மையில் கிடைத்துவிட்டது. மனத்துக்கு நிம்மதிதான் என்றாலும், முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை மற்றவர்களின் அலட்சியத்தால் ஒரு பருவம் முழுக்க இழுபட்டதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அடுத்து விண்ணப்பிக்க இருப்பவர்கள் அதே பள்ளத்தில் விழக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் அட்வான்ஸ் ஹெச்இயின் அங்கீகாரம் பெற்ற உள்திட்டம் ஒன்று நடக்கிறது. ஒரு பயிலரங்கில் கலந்துகொள்ள வேண்டும். அதன்பின் ஒரு வழிகாட்டியை ஒதுக்குவார்கள். அவர் நம் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பார். பிறகு சுமார் 3,000 சொற்களில் நம் கற்பித்தல் பணியைப் பற்றிய விவரணத்தை எழுதி, நம்மை அறிந்த இருவரின் ஆதரவு அறிக்கைகளுடன் சமர்ப்பிக்க வேண்டும். பதிவும் பயிலரங்கும் எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தன.

சிக்கல் வழிகாட்டியிடம் தொடங்கியது. எனக்கு ஒதுக்கப்பட்டவர் ஆராய்ச்சி விடுப்பில் போயிருந்தார். அதை எனக்குச் சொன்னவர் யாரும் இல்லை. மின்னஞ்சல்களுக்குத் தானியங்கிப் பதில்தான் வந்தது. திட்டத்தை நடத்தும் அலுவலகத்தில் கேட்டபோது, பட்டியலில் என் பெயருக்கு எதிரே ஒரு வழிகாட்டியின் பெயர் இருப்பதால் வேறொருவரைத் தர இயலாது என்றும், அடுத்த சுற்று வரை காத்திருக்கலாம் என்றும் பதில் சொன்னார்கள். அடுத்த சுற்று வரை காத்திருந்தால் என் தகுதிகாண் காலக்கெடு தாண்டிவிடும் என்பதை எழுத்தில் தெரிவித்தும் பயனில்லை. கடைசியில் என் துறைத்தலைவர் தலையிட்டு, செவிலியர் கல்விப் புலத்தில் இருந்த ஒரு சீனியர் ஃபெலோவை, அதாவது மூன்றாம் நிலை ஃபெலோஷிப் பெற்றவரைத் தாமே கேட்டு ஏற்பாடு செய்து தந்தார்.

நான் கற்பிப்பது கட்டமைப்புப் பொறியியல். செவிலியர் புலத்திலிருந்து வருபவருக்கு உத்தரம் எங்கே எவ்வளவு வளைவு விசைக்கு உள்ளாகிறது என்று காட்டும் வளைவுத் திருப்புத்திறன் வரைபடத்தைப் பற்றி என்ன தெரியும் என்று சக ஊழியர்கள் சிலர் கேட்டார்கள். அவருக்கு அது தெரியாததுதான் எனக்குக் கிடைத்த பெரிய நன்மை. பாடம் தெரிந்தவர் வகுப்பில் உட்கார்ந்தால் பாடத்தைத்தான் கவனிப்பார். இவர் மாணவர்களைக் கவனித்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒரு தாளை நடுவில் கோடிட்டுப் பிரித்து, இடப்பக்கம் நான் செய்வதையும் வலப்பக்கம் மாணவர்கள் செய்வதையும் நேரத்தோடு குறித்துக்கொண்டே இருந்தார். வகுப்பு முடிந்ததும் அந்தத் தாளை என்னிடம் கொடுத்தார். இடப்பக்கம் முழுக்க விதவிதமான வினைச்சொற்கள்: விளக்குகிறார், வரைகிறார், கேட்கிறார், தாமே பதில் சொல்கிறார். வலப்பக்கம் மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே சொல்: எழுதுகிறார்கள்.

"கேள்வி கேட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். பெரும்பாலும் ஒரு நொடி என்று குறித்திருந்தார். இது ஆசிரியர்கள் பலரிடமும் காணப்படும் பழக்கம் என்பதை அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டியிருக்கிறார். காத்திருப்பை மூன்று நொடியாவது நீட்டினால் மாணவர்களின் பதில்கள் நீள்கின்றன, பதில் சொல்லாமல் இருக்கும் மாணவர்கள் குறைகிறார்கள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அடுத்த வாரம் இரண்டு கண்கள் கொண்ட, அதாவது மூன்று தாங்கிகளின் மேல் ஒரே நீட்டாகக் கிடக்கும் தொடர் உத்தரத்தை எடுத்தபோது, நான் எதையும் வரையவில்லை. வரைபடம் எப்படி இருக்கும் என்பதை ஒவ்வொருவரும் ஊகித்து ஒரு துண்டுத்தாளில் வரைந்து, பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்ட பிறகு என்னிடம் தரச் சொன்னேன். நடுத்தாங்கியின் மேல் உத்தரம் எதிர்த்திசையில் வளையும் என்பதைப் பாதிப்பேருக்கு மேல் விட்டிருந்தார்கள். இத்தனை நாளும் கரும்பலகையில் நான் சரியாக வரைந்ததை அவர்கள் சரியாகப் பார்த்து எழுதியதால், அந்தக் குழப்பம் தேர்வுத்தாள் வரும்வரை வெளியே தெரிந்ததே இல்லை. அந்தத் தாள்களை நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன். பின்னால் அவைதான் கைகொடுத்தன.

விவரணத்தை எழுதும்போதும் அவர் அதே கண்டிப்போடு இருந்தார். 'குழுவாகச் செயல்பட வைத்தேன்', 'பின்னூட்டம் அளித்தேன்' என்று நான் எழுதிய இடங்களிலெல்லாம் ஓரத்தில் "இதனால் அவர்கள் கற்றார்கள் என்பது எப்படித் தெரியும்?" என்று எழுதி அனுப்பினார். விண்ணப்பிப்பவர்கள் இந்த ஒரு கேள்வியைத் தங்கள் வரைவின் ஒவ்வொரு பத்திக்கும் போட்டுப் பார்ப்பது நல்லது. என்ன செய்தோம் என்பது மட்டும் மதிப்பீட்டுக் குழுவுக்குப் போதாது. ஏன் அப்படிச் செய்தோம், அது பலன் தந்ததா என்பதற்கு ஆதாரம் வேண்டும்.

இவ்வளவு உழைத்துச் சமர்ப்பித்த விண்ணப்பம், மதிப்பீட்டுக் குழுவின் கைக்கே போகாமல் திரும்பி வந்தது. காரணம், நான் பயன்படுத்திய படிவம், இந்த அங்கீகாரத்துக்கு அடிப்படையான தொழில்முறைத் தரநிலைச் சட்டகத்தின் 2011ஆம் ஆண்டுப் பதிப்புக்கு உரியது. இப்போது நடைமுறையில் இருப்பது 2023ஆம் ஆண்டுச் சட்டகம். அந்தப் படிவத்தை நான் எங்கிருந்தோ எடுக்கவில்லை. அதே அலுவலகம் மின்னஞ்சலில் அனுப்பிய இணைப்பிலிருந்துதான் இறக்கினேன். இரண்டு சட்டகங்களுக்கும் வேறுபாடு சிறியதல்ல. பழையதில் ஐந்து செயற்பாடுகள், ஆறு அறிவுக்கூறுகள், நான்கு விழுமியங்கள். புதியதில் மூன்றிலும் ஐந்தைந்து. எண்களும் இடம் மாறியிருக்கின்றன. கற்பித்தலின் பலனை மதிப்பிடும் முறைகள் பழையதில் கே5, அதாவது ஐந்தாவது அறிவுக்கூறு. புதியதில் அது கே3க்குப் போய்விட்டது, கே5 என்பது தர உறுதிப்பாட்டைக் குறிக்கிறது. ஆகவே பழைய குறியீடுகளோடு எழுதியவர் ஒன்றுக்கான ஆதாரத்தை இன்னொன்றின் கீழ் காட்டியவராகிவிடுவார். பிறரோடு இணைந்து பணியாற்றுதல் என்னும் வி5 பழையதில் தனி விழுமியமாகவே இல்லை.

அலுவலகத்துக்கு நேரில் போனபோது, சரியான படிவத்தைத் தேர்ந்தெடுப்பது விண்ணப்பதாரரின் பொறுப்பு என்று அங்கிருந்த ஊழியர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலையும், அன்றுவரை அந்த இணைப்பில் பழைய படிவமே இருப்பதையும் அவர் முன்னாலேயே திறந்து காட்டினேன். அதன் பிறகும், மேலதிகாரிக்கு எழுதுங்கள் என்ற பதில்தான் கிடைத்தது. எழுதினேன், வழிகாட்டியும் தனியாக ஒரு கடிதம் எழுதினார். காலம் கடந்திருந்தாலும் அடுத்து கூடும் குழுவில் என் விண்ணப்பத்தை ஏற்பதாக ஒப்புக்கொண்டார்கள், தகுதிகாண் காலக்கெடுவையும் அதற்கேற்ப நீட்டித்தார்கள். பழைய படிவமும் நீக்கப்பட்டது. திட்டத்தின் எந்த அலுவலகம் எந்த இணைப்பை அனுப்பினாலும், படிவத்தின் தலைப்பில் 2023 என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். வந்த மின்னஞ்சல் எதையும் அழிக்காதீர்கள்.

வி5க்கு என்னிடம் எதுவும் இல்லை என்றுதான் நினைத்தேன். ஆய்வகத் தொழில்நுட்பரோடு சேர்ந்து சோதனைகளை மாற்றியமைத்ததையும், மாற்றுத்திறன் மாணவர் சேவைப் பிரிவின் ஆலோசனைப்படி குறிப்புகளை வகுப்புக்கு முன்பே எல்லோருக்கும் தரத் தொடங்கியதையும் வழிகாட்டிதான் நினைவூட்டினார்.

ஆதரவு அறிக்கைகளிலும் ஓர் இடர் வந்தது. முதலில் எழுதித் தந்த ஒருவர் இதற்குள் வேறு நாட்டில் வேலைக்குப் போய்விட்டதால், புதிய படிவத்துக்கு வேறொருவரை நாட வேண்டியிருந்தது. அறிக்கை எழுதுபவர்களிடம் முன்கூட்டியே பேசி, ஃபெலோ நிலைக்கான விவரிப்பையும் உங்கள் வரைவையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். கடின உழைப்பாளி, மாணவர்களால் விரும்பப்படுபவர் என்று மட்டும் எழுதினால் குழுவுக்கு அதனால் பயனில்லை; அவர்கள் தம் கண்ணால் பார்த்ததை எழுத வேண்டும். எனக்காக இரண்டாவதாக எழுதிய சக விரிவுரையாளர், மாணவர்கள் வரைந்த அந்தத் துண்டுத்தாள்களை என்னோடு உட்கார்ந்து வகைப்பிரித்ததையும், அதன்பின் நாங்கள் இருவரும் பயிற்சி வகுப்பின் கணக்குகளை மாற்றியதையும் விவரமாக எழுதியிருந்தார். குழுவின் கருத்துரையில் பெயர் சொல்லிப் பாராட்டப்பட்ட ஆதாரம் அது ஒன்றுதான்.