தேக்குத் தளத்தில் பத்தமடைக் கரை

பாளையங்கோட்டையில் சித்தப்பா மகன் நடத்தும் சிறிய உள்ளரங்கின் பாட்மின்டன் தளத்தில் கோடுகளும் சித்திரமும் முடிந்துவிட்டன. மேல்பூச்சு மட்டும் பாக்கி.

தளம் தேக்குப் பலகை. வெளிநாட்டு அரங்குகள் பலவற்றில் மேப்பிள் மரம் போடுகிறார்கள். அதன் செய்முறை தேக்குக்கு அப்படியே ஒத்துவராது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பிசுக்கு உண்டு, அது பெயின்டைப் பிடிக்க விடாது. உப்புத்தாள் போட்டுத் தூசியை எடுத்தபின் தின்னர் நனைத்த துணியால் துடைத்தேன். தின்னர் பறந்ததும் தாமதிக்காமல் சீலர், அதாவது மரத்தின் துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு, அடித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் எண்ணெய் திரும்ப மேலே வந்துவிடும்.

பெயின்ட் நேரே மரத்தில் பட்டால் ரேகை வழியே கசிந்து, கோட்டுக்கு மீசை முளைத்ததுபோல் ஆகிவிடும். சீலருக்கும் மேல்பூச்சுக்கும் நடுவே அது அகப்பட்டுக் கிடக்க வேண்டும். அப்போது ஷூ தேய்ப்பது மேல்பூச்சைத்தான், நிறத்தை அல்ல. விலை உயர்ந்த பெயின்ட் வாங்கினால் போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மிச்சப் பலகையில் சோதித்தேன்: பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்தால், பளபளப்பான சீலர்மேல் அடித்த எனாமல் பெயின்ட் செதிலாக வந்தது. நைஸ் உப்புத்தாளால் பளபளப்பைக் கொன்ற இடத்தில் அசையவில்லை.

ஆடுகளம் 13.40 மீட்டருக்கு 6.10 மீட்டர், கோட்டின் அகலம் 40 மில்லிமீட்டர். கோடும் ஆடுகளத்தைச் சேர்ந்ததுதான் என்பதால் அளவு வெளி ஓரத்திலிருந்து. மூலைமட்டம் இவ்வளவு பெரிய இடத்தில் உதவாது. இரண்டு மூலைவிட்டமும் 14.723 மீட்டர் வரும்வரை ஆசாரி அண்ணாச்சி பேசாமல் நூலை நகர்த்திக்கொண்டே இருந்தார். மாஸ்கிங் டேப் ஒட்டியபின் அதன் ஓரத்தில் முதலில் நிறமில்லாத சீலரை ஒரு தடவு தடவினேன். கசிந்தால் அது கசியட்டும்; பின்னால் வரும் வெள்ளைக்கு வழி அடைபட்டுவிடும். பெயின்ட் முழுதாக இறுகுமுன் டேப்பை உரித்தாயிற்று.

சித்திரம் பத்தமடைப் பாயின் கரை: சிவப்பு, பச்சை, கறுப்பு. பின்கோட்டுக்கு வெளியே மட்டும். களத்துக்குள் நிறம் கூடினால் இறகுப்பந்தைத் தொடரும் கண்ணுக்கு இடைஞ்சல். கோரைப்புல் நெசவின் படிக்கட்டு வடிவம் ஸ்டென்சிலுக்கு எளிதாக வெட்டுப்பட்டது. கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரை நெய்வார்களே, அப்படித் தன் பெயரையும் போடச் சொன்னான் தம்பி. இடமில்லை என்று சொல்லிவிட்டேன்.

மேல்பூச்சுக்குத் தண்ணீர் கலக்கும் பாலியூரித்தேன். எண்ணெய் வகை நாளடைவில் வெள்ளைக் கோட்டை மஞ்சளாக்கிவிடும். ஆனால் அடியிலுள்ள எனாமல் நன்றாக இறுக வேண்டும். நகத்தால் அழுத்தினால் தடம் விழக் கூடாது. ஆடிக்காற்று புழுதி கிளப்புவதற்கு வெகுமுன்பே, மாசியிலேயே வேலையைத் தொடங்கியது இதற்காகத்தான்.

வெறுங்காலோடுதானே வருகிறோம் என்று கெஞ்சுகிறார்கள் பையன்கள். கால் வியர்வை பட்ட இடத்தில்தான் மேல்பூச்சு ஒட்டாது. சாவி என்னிடம்தான் இருக்கிறது.