ஆயில் குடிக்கிற 1.2 பெட்ரோல்: என்ஜினை இறக்காம ரிங்கை ஊறவெச்சுப் பார்த்தது

மூணாம் நம்பர் சிலிண்டர் கடைசியில வழிக்கு வந்துருச்சு. 800 கி.மீ.க்கு ஒரு லிட்டர் ஆயில் குடிச்சிட்டிருந்த நாலு சிலிண்டர் வண்டி, பிஸ்டனைச் சுத்தியிருக்கற ரிங்கைத் தின்னர் கலவையில ஊறவெச்ச பிறகு முதல் 1,000 கி.மீ.ல 450 மி.லி., அடுத்த 1,000-ல 250 மி.லி.ன்னு இறங்கியிருக்கு. வால்வ் சீல், அதாவது வால்வ் தண்டு வழியா ஆயில் உள்ளே கசியாமத் தடுக்கற ரப்பர், இன்னும் பாக்கி. ஆனா என்ஜினை இறக்கி ரிங் போடணும்னு வந்த எஸ்டிமேட்டை இப்போதைக்கு மடிச்சு வெச்சிடலாம்.

வாரன்டி முடிஞ்ச வண்டி. முடியறதுக்கு முன்னாடியே ஆயில் குறையுதுன்னு கேட்டதுக்கு சர்வீஸ் சென்டர்ல கிடைச்ச பதில், “மலை ஏறுற வண்டி அப்படித்தான் குடிக்கும்.” இந்த பதில்ல பாதிதான் சரி. மலையில ஆயில் அதிகமாப் போறது இறக்கத்துல. கோத்தகிரியிலேர்ந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் 33 கி.மீ. செகண்ட், தேர்டுல ஆக்ஸிலரேட்டரைத் தொடாம இறங்கறப்ப த்ராட்டில் மூடியே இருக்கும், இன்டேக் பக்கம் வேக்குவம் உச்சத்துல நிக்கும். அந்த உறிஞ்சல்ல வால்வ் சீல் வழியாவும், கரி பிடிச்சு ஒட்டிக்கிட்ட ஆயில் ரிங் (சிலிண்டர் சுவர்லேர்ந்து ஆயிலைச் சுரண்டற ரிங்) வழியாவும் ஆயில் மேல வரும். இறக்கத்துல பெட்ரோல் கட் ஆகியிருக்கறதால அது எரியாம தேங்கும். சமதளம் வந்து மிதிச்சதும் பின்னாடி வர்ற பஸ்காரருக்கு நீலப் புகை. ஒரு தடவை புகைஞ்சு நின்னுட்டா வால்வ் சீல் மேல சந்தேகம் வைக்கலாம்; ஏத்தத்துல மிதிக்கிற வரைக்கும் விடாம புகைஞ்சா ரிங். இந்த வண்டியில ரெண்டும் இருந்துச்சு.

பிசிவி வால்வை, அதாவது என்ஜினுக்குள்ள சேர்ற ஆவியை இன்டேக்குக்குத் திருப்பி விடற வால்வை, முதல்லயே மாத்தியாச்சு. சில நூறு ரூபாய் சமாச்சாரம், அதை விட்டுட்டு வேற எதையும் தொடக்கூடாது.

அளக்கறதுல மலைக்குன்னு ஒரு வில்லங்கம் இருக்கு. ஊருக்குள்ளேயே மூணு, நாலு கி.மீ. ஓட்டி நிறுத்தற வண்டியில, குளிர் காலத்துல என்ஜின் சூடே ஏறாது. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயில்ல போய்ச் சேரும். டிப்ஸ்டிக்ல அளவு அப்படியே நிக்கும், ஆயில் குடிக்கலைன்னு தோணும். அப்புறம் ஒரு தடவை கோயம்புத்தூர் போயிட்டு வந்தா, கலந்திருந்த பெட்ரோல் ஆவியாகி அளவு சரசரன்னு இறங்கிடும். அதனால நல்லா சூடேறி ஓடின ஓட்டத்துக்கு மறுநாள் காலையில, அதே இடத்துல நிறுத்திப் பார்க்கறதுதான் கணக்கு. ஊத்தற ஆயிலை சமையலறைத் தராசுல எடை போட்டுக் குறிச்சுக்கிட்டா சுலபம். ஒரு லிட்டர் ஏறக்குறைய 850 கிராம். ஆயில் ஊத்தற மூடிக்கு அடியில வெள்ளையா மோர் மாதிரி படிஞ்சிருந்தா உடனே ஹெட் கேஸ்கெட் போய் கூலன்ட் கலந்துருச்சுன்னு பயப்பட வேண்டாம், கூலன்ட் குறையலைன்னா அது பனிக்கால ஈரம்.

சிலிண்டருக்குள்ள அழுத்தம் எவ்வளவு ஏறுதுன்னு அளக்கற கம்ப்ரஷன் டெஸ்ட்டும் இங்கே ஏமாத்தும். நாலு சிலிண்டர்லயும் 140 பிஎஸ்ஐ-ஐ ஒட்டித்தான் காட்டுச்சு. 175 வரணும், ரிங் தேஞ்சு போச்சுன்னு மெக்கானிக் தீர்ப்பு சொல்லிட்டாரு. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம், காத்தழுத்தமே கடல் மட்டத்துல இருக்கறதுல 80 சதவீதம்தான். இங்கே காட்டற 140, கீழே 174-க்குச் சமம். அதாவது கம்ப்ரஷன் ரிங் நல்லாவே இருக்கு. ஆனா அதுல நிம்மதி அடையவும் முடியாது, ஏன்னா மூணாவது ரிங், அதாவது ஆயில் ரிங், ஒட்டிக்கிட்டா கம்ப்ரஷன் டெஸ்ட்ல தெரியவே தெரியாது. பிளக்கைக் கழட்டிப் பார்த்ததுல மூணாம் நம்பர் மட்டும் ஆயில் கரி அப்பி இருந்துச்சு. போரோஸ்கோப்ல (ஓட்டைக்குள்ள விட்டுப் பார்க்கற குழாய் கேமரா) அதே பிஸ்டனோட விளிம்பு சுத்திலும் ஈரமாக் கழுவி விட்ட மாதிரி பளிச்சுன்னு இருந்துச்சு. ஆயில் கீழேர்ந்து ஏறுதுங்கறதுக்கு அது போதும்.

ஆயில் ரிங் சுரண்டி எடுத்த ஆயில், பிஸ்டன்ல இருக்கற சின்ன ஓட்டைகள் வழியாத்தான் கீழே திரும்பணும். ஓட்டையில கரி அடைச்சா ரிங் இருந்தும் பிரயோஜனம் இல்லை. அமெரிக்காவுல டொயோட்டாவோட 2.4 லிட்டர் 2ஏஇசட்-எஃப்இ என்ஜினுக்கு இந்த வியாதி வந்து, 1,200 மைலுக்கு ஒரு குவார்ட்டுக்கு (ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி) மேல குடிச்ச வண்டிகளுக்கு பிஸ்டனும் ரிங்கும் மாத்தித் தர வாரன்டியையே நீட்டிச்சாங்க. இங்கே அந்த மாதிரி எதையும் எதிர்பார்க்க முடியாதுங்கறதால ஊறவெக்கற வழி.

ஊத்தின கலவை: என்சி தின்னர் ரெண்டு பங்கு, ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஒரு பங்கு. அசிட்டோன் வெச்சும் செய்யறாங்க, ஆனா அது ஏடிஎஃப்-ஓட கலந்து நிக்காது, ஊத்தி முடிக்கறதுக்குள்ள தனித்தனியாப் பிரியும். தின்னர் பெயின்ட் கடையிலேயே கிடைக்குது. திறந்த வெளியில செய்யணும், பக்கத்துல அடுப்போ பீடியோ கூடாது. பெயின்ட் மேல சொட்டினா பெயின்ட் போச்சு. ஃபெண்டர் மேல பழைய போர்வையைப் போட்டுக்கணும்.

பாதி நேரம் போனது வண்டியைச் சமமா நிறுத்தறதுலதான். நீலகிரியில சமமான வாசல் யார் வீட்டுல இருக்கு? போர், அதாவது சிலிண்டரோட உள்விட்டம், 73 மி.மீ. 30 மி.லி. ஊத்தினா பிஸ்டன் தலைக்கு மேல 7 மி.மீ. உயரம்தான் நிக்கும். 11 டிகிரி சாஞ்சா ஒரு ஓரம் முழுசா வறண்டு போயிரும், அந்தப் பக்கத்து ரிங் ஊறவே ஊறாது. குறுக்கா உட்கார்ற என்ஜின் பலதும் ஏற்கெனவே டேஷ் பக்கமா கொஞ்சம் சாஞ்சிருக்கும். அதுக்கு மேல வண்டி மூக்கைத் தூக்கிட்டு நின்னா சாய்வு ரெண்டும் சேர்ந்துக்கும். அதனால மூக்கு இறக்கத்தைப் பார்க்க நிறுத்தி, வால்வ் கவர் உட்கார்ற ஹெட் விளிம்புல ரசமட்டத்தை வெச்சுப் பார்த்து, மீதியை ஜாக்கி ஸ்டாண்டால சரிக்கட்டணும். பிஸ்டனை நகர்த்தக் கிராங்கைச் சுத்த வேண்டியிருக்கறதால கியர் நியூட்ரல்ல இருக்கும். சரிவுல நியூட்ரல்ல நிக்கற வண்டிக்கு ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது. நாலு சக்கரத்துக்கும் கல்லு முட்டுக் கொடுத்தாகணும்.

அடுத்தது நாலு பிஸ்டனையும் ஒரே உயரத்துக்குக் கொண்டு வர்றது. பிளக் நாலையும் எடுத்துட்டு, ஒவ்வொரு ஓட்டையிலயும் நீளமான கேபிள் டை ஒண்ணை விட்டு, கிராங்க் புல்லி போல்ட்டை ஓடற திசையில மட்டும் சுத்தி, நாலு டையும் சமமா நிக்கற இடத்துல நிறுத்தணும்.

சிரிஞ்ச், டியூப் விஷயம் தனியா சொல்லணும். மெடிக்கல்ல வாங்கற 50 மி.லி. சிரிஞ்சோட ரப்பர் தின்னர்ல உப்பி அப்படியே இறுகிடும், ரெண்டு மூணு சேர்த்து வாங்கிக்கணும். மீன்தொட்டி டியூப் பிவிசி. தின்னர் அதோட மெதுத்தன்மையை உறிஞ்சிட்டு, காய்ஞ்சதும் விறைச்சு உடையற பதத்துக்கு வந்துடும். துண்டு உள்ளே விழுந்தா அப்புறம் ஹெட்டைத்தான் கழட்டணும். நைலான் டியூப்தான் தாங்குது. மேட்டுப்பாளையத்துல அலைஞ்சும் மெல்லிசு கிடைக்கலை. கோயம்புத்தூர்ல நியூமேட்டிக் ஃபிட்டிங் விக்கற கடையில 4 மி.மீ. மீட்டர் கணக்குல கொடுக்கறாங்க. கேட்டு வாங்கணும், பாலியூரித்தேனை எடுத்து நீட்டுவாங்க, அதுவும் தின்னருக்கு ஆகாது.

என்ஜின் கைபொறுக்கற சூட்டுல இருக்கறப்ப ஊத்தறது நல்லது. மார்கழிக் குளிர்ல ஆறின என்ஜின்ல ஊத்தினா கரி அசையாது. காலையில பார்த்தா ஒண்ணாம் நம்பரும் நாலாம் நம்பரும் காலி, ரெண்டுல பாதி, மூணுல மட்டும் ஊத்தினது ஊத்தின மாதிரி. இந்த வடியற வேகம்தான் உண்மையான டெஸ்ட் ரிப்போர்ட். மூணுல இருந்ததை உறிஞ்சி எடுத்தா கன்னங்கரேல்னு வந்துச்சு. புதுசா ஊத்தி, இடையிடையே கிராங்கைக் கால் சுத்து சுத்தி, மறுபடி சம உயரத்துக்கு வர்ற வரைக்கும் சுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்ப இதே வேலை. மூணாம் நம்பரும் மத்ததோட சேர்ந்து வடிய ஆரம்பிச்சப்பதான் நிறுத்தினது.

இதுக்கு அப்புறம் அவசரப்பட்டா என்ஜின் காலி. 11:1 கம்ப்ரஷன்ல சேம்பர், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் மேல மிச்சம் இருக்கற இடம், அளவே 30 மி.லி.தான். உள்ளே திரவம் நிக்க பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் பண்ணினா கனெக்டிங் ராட் வளையும். டியூப்ல உறிஞ்சி எடுத்து, ஆவி போறதுக்கு நேரம் விட்டு, காயிலும் இன்ஜெக்டர் கனெக்டரும் ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸும் கழட்டி வெச்சுட்டு, ஓட்டைகள் மேல துணியைப் போட்டு செல்ஃப் அடிக்கணும். காயில் மாட்டியிருந்தா ஒரு ஸ்பார்க் போதும், பானெட்டோட போயிரும். தின்னர் சிலிண்டர் சுவரைக் காய வெச்சிருக்கும், பிளக் போடறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணுலயும் 5 மி.லி. என்ஜின் ஆயில். சம்ப்ல (அடியில இருக்கற ஆயில் தொட்டி) இறங்கின தின்னரை முதல்லயே வடிச்சாச்சு. மலிவான ஆயில் ஒண்ணை ஊத்தி, 15 நிமிஷம் ஐடில்ல விட்டு, சூட்டோட அதையும் வடிச்சு, புது ஃபில்டரோட 5டபிள்யூ-30. முதல் பத்து நிமிஷம் தெருவே தெரியாத அளவுக்குப் புகை வரும், பக்கத்து வீட்டுல முன்கூட்டியே சொல்லி வெக்கறது உத்தமம். பழைய ஆயிலை டீத்தோட்டக் காவாயில கொட்டாம கேன்ல பிடிச்சு, பழைய ஆயில் எடுக்கறவங்ககிட்ட சேர்த்துடணும்.

எல்லா வண்டிக்கும் இது உதவாது. ஆயில் மினிமத்துக்குக் கீழே போயி, கொண்டை ஊசி வளைவுல ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பிரஷர் லைட் கண் சிமிட்ட ஆரம்பிச்ச பிறகும் ஓட்டின வண்டின்னா, முதல்ல பழைய ஃபில்டரை அறுத்துப் பார்க்கணும். மடிப்புல பளபளன்னு துகள் இருந்தா பேரிங் போயிருக்கு, ஊறவெக்கறது தண்டச் செலவு. அப்போ லேத் வேலையா, கோயம்புத்தூர் உக்கடத்துல பழைய என்ஜினாங்கறது பட்ஜெட்டைப் பொறுத்தது. பழைய என்ஜின் எடுத்தா பில்லை வாங்கி ஆர்.சி.யில என்ஜின் நம்பரையும் மாத்தணும். வாரன்டி இன்னும் மிச்சம் இருக்கறவங்க, டிப்ஸ்டிக்கும் டிரெயின் போல்ட்டும் சீல் வெச்சு 1,000 கி.மீ. ஆயில் டெஸ்ட் செய்யச் சொல்லி, ஜாப் கார்டுல எழுத்துல வாங்கிடுங்க. நுகர்வோர் ஆணையத்துக்குப் போறதா இருந்தா ரெண்டு வருஷக் கெடு இருக்கு, ஊட்டியிலேயே மாவட்ட ஆணையம் இருக்கு.

இப்போ மிச்சம் இருக்கறது இறக்கம் முடிஞ்சதும் வர்ற அந்த ஒரு கொத்துப் புகை. 16 வால்வ், 16 சீல்; இன்டேக்குக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் பார்ட் நம்பர் வேற வேற, சேர்த்துக் கட்டித் தர்ற செட்டை வாங்கறதுக்கு முன்னாடி பிரிச்சுப் பார்க்கணும். ஹெட்டைக் கழட்டாம, பிளக் ஓட்டை வழியா 8 மி.மீ. பருத்திக் கயிறை உள்ளே திணிச்சு, பிஸ்டனை மேல கொண்டு வந்து வால்வைத் தாங்கிப் பிடிக்கற முறையில செய்யப் போறது. நார் உதிர்ற கயிறு ஆகாது, கயித்தோட ஒரு முனை வெளியே கட்டியிருக்கணும். ஸ்பிரிங் கம்ப்ரஸர் சொல்லி வெச்சாச்சு. வால்வ் ஸ்பிரிங்கைப் பூட்டி வெக்கற சின்ன காலட் பின் தெறிச்சு ஆயில் திரும்பற ஓட்டையில விழாம அடைக்க நல்ல துணியும், நீளக் கழுத்து மேக்னட்டும் வந்துட்டா வேலையைத் தொடங்கிடலாம்.