தாய் இல்லாத தாரா முட்டைகள்

மே 6
கொழும்பு மட்டக்குளியில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டு அக்கா வளர்த்த தாராவை (வாத்தை) விடியப்புறம் தெருநாய்கள் கொன்றுவிட்டன. வேலியோரம் அது அடைகிடந்த ஒன்பது முட்டைகள் மட்டும் மிச்சம். "தம்பி, உம்மட பெட்டிக்குள்ள வச்சுப் பாரும். இதுகளுக்கு இன்னும் உயிர் இருக்கும்" என்று துணியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். தொட்டால் இளஞ்சூடு இருந்தது.

கோழிக்குஞ்சு பொரிக்கும் இன்கியூபேட்டரை 37.5 பாகைக்குச் சூடாக்கி உள்ளே வைத்தேன். சேற்றை உலர்ந்த துணியால் துடைத்ததோடு சரி. குளிர்ந்த தண்ணீரில் கழுவினால் ஓட்டின் துளைகள் வழியே கிருமியும் உள்ளே இழுபடும்.

மே 7
தாரா முட்டை பொரிக்க 28 நாள். முகத்தில் சிவப்புச் சதையுள்ள மஸ்கோவி இனத்துக்கு 35 நாள். இது சாதாரண நாட்டுத் தாராதான். ஆனால் எத்தனை நாளாய் அடைகிடந்தது என்று அக்காவுக்கும் தெரியாது. முட்டையைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

இரவு விளக்கை அணைத்துவிட்டு, முட்டையின் தடித்த முனையில் டோர்ச்சைப் பிடித்தேன். ஓட்டின் உட்புறமெங்கும் சிவப்பு நரம்புகள் படர்ந்திருந்தன. நடுவில் கரிய புள்ளியாய்க் கண். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு துள்ளுத் துள்ளியது! பத்து நாள் வளர்ச்சி இருக்கும். அப்படியென்றால் 25ஆம் திகதியை ஒட்டிப் பொரிக்க வேண்டும். ஏழு முட்டைகளில் உயிர் உண்டு. ஒன்று வெறுமை. இன்னொன்றில் இரத்த வளையம் மட்டும், கரு முன்பே இறந்துவிட்டது. இரண்டையும் எடுத்துவிட்டேன். அழுகிய முட்டை பெட்டிக்குள் வெடித்தால் மற்றவையும் கெடும்.

மே 10
கொழும்பு வெக்கையில் பெட்டிக்கு எதற்குத் தண்ணீர் என்று தம்பி கேட்கிறான். நியாயமான கேள்வி. வெளியே ஈரப்பதன் 80 வீதம் இருந்தாலும், அதே காற்று 37.5 பாகைக்குச் சூடாகும்போது 50க்கும் கீழே இறங்கிவிடுகிறது. தாராவுக்கு 55 முதல் 60 வரை வேண்டும். சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்த பிறகு ஈரப்பதன்மானியின் முள் ஏறியது.

மே 12
வெசாக். தெரு முழுக்க வெளிச்சக்கூடுகள். எனக்குப் பெட்டியடியில்தான் வேலை. தாய்த்தாரா நாளுக்கொரு தடவை எழும்பிப் போய், தின்று, குளித்து, நனைந்த இறகோடு திரும்பி வந்து படுக்கும். அதனால் தினமும் கொஞ்ச நேரம் மூடியைத் திறந்து முட்டைகளை ஆறவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரைத் தூவுகிறேன். கோழி முட்டைக்கு இந்தச் சடங்கெல்லாம் தேவையில்லை. மூன்று நேரமும் பிரட்டிவிடுகிறேன். பிரட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

மே 22
முட்டையின் தடித்த முனையிலுள்ள காற்றறை சரிந்துவிட்டது! நேற்றுவரை முட்டையின் தலைமாட்டில் மட்டமாக நின்ற கோடு இன்று ஒரு பக்கமாய் இறங்கியிருக்கிறது. அந்தக் கோட்டுக்குள் ஒரு நிழல் முட்டி முட்டி அசைகிறது. அலகு. எவ்வளவு நேரம் பார்த்தாலும் அலுக்கவில்லை. இனிப் பிரட்டக்கூடாது, மூடியும் திறக்கக்கூடாது. ஈரப்பதனை 70க்கு மேல் ஏற்றிவிட்டேன்.

மே 23
பெரிய காற்று. இரவு கரண்ட் போனது. பெட்டியைச் சுற்றிப் போர்வை, பக்கத்தில் சுடுதண்ணிப் போத்தல்கள். காற்று போகும் துளைகளை மட்டும் மூடாமல் விட்டேன், இந்தக் கட்டத்தில் குஞ்சு மூச்செடுக்கிறது. அம்மா விடியும்வரை தண்ணி கொதிக்க வைத்துத் தந்தா.

மே 25
உள்ளிருந்து கீச்சுச் சத்தம். நான் மெல்லக் கதைத்தால் பதிலுக்குக் கத்துகிறது. மத்தியானம் முதல் ஓட்டில் வெடிப்பு.

மே 26
உடைத்துவிடச் சொல்லி எல்லோரும் நெருக்குகிறார்கள். விடமாட்டேன். வெடித்த பிறகு ஒரு நாள், ஒன்றரை நாள்கூட அப்படியே கிடக்கும். அதற்குள்தான் மிச்ச மஞ்சட்கரு வயிற்றுக்குள் போகிறது, சவ்வின் நரம்புகளில் இரத்தம் வற்றுகிறது. அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் போய்ச் செத்துவிடும்.

மே 27
ஐந்து வெளியே! ஆறாவது பின்னேரம் வந்தது. ஏழாவது ஓட்டுக்குள்ளேயே இறந்துவிட்டது. மின்வெட்டுத்தான் காரணமா என்று சொல்ல முடியாது. மனம் கனக்கிறது.

மே 30
பழைய பெட்டியில் குமிழ் எரிய 32 பாகை. கோழிக்குஞ்சுத் தீனில் தாராக் குஞ்சுக்குப் போதுமான நயாசின் என்ற விட்டமின் இருக்காது, கால் வளைந்துவிடும். அதனால் அந்தச் சத்துள்ள ப்ரூவர்ஸ் ஈஸ்ட் தூள் கலக்கிறேன். தண்ணீர்ப் பாத்திரம் மூக்குத் துளை முழுகும் ஆழம், அதற்குள் கூழாங்கற்கள். சூடு கொடுக்கத் தாய் இல்லாத இவற்றை இப்போதே நீந்தவிட்டால் நனைந்து குளிர்ந்துபோகும்.

அக்கா தினமும் வந்து பார்க்கிறார். இறகு முளைத்ததும் அவரிடமே போகும். அதற்கு முன் வேலிக்குக் கீழே நாய் நுழையாதபடி கம்பிவலை அடிக்க வேண்டும், ஆற்றுப் பக்கமிருந்து கபரகொய்யா என்ற பெரிய நீர் உடும்பும் வரும். ஞாயிற்றுக்கிழமை தம்பியும் நானும் வலை வாங்கப் போகிறோம்.