மோட்டார் ஓடுகிறதா என்று சொல்ல 8 பிட் போதும்

மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவது எங்கள் வீட்டில் பரம்பரை வியாதி. மொட்டை மாடி டேங்க் நிறைந்து பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணி மேல் தண்ணீர் கொட்ட, அந்த அக்கா "தம்பி, மோட்டார்!" என்று கத்தும்போதுதான் எங்களுக்கு நினைவே வரும். சரி, நமக்குத்தான் நாலு கம்பி பற்றவைக்கத் தெரியுமே என்று ஒரு சின்னப் பெட்டி செய்தேன். உள்ளே அதிர்வை அளக்கும் எல்ஐஎஸ்3டிஎச் ஆக்சிலரோமீட்டர் என்ற சென்சார், எந்நேரமும் தூங்கும் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் (குட்டிக் கணினி சிப்), சிஆர்2032 பட்டன் செல், கத்துவதற்கு ஒரு பீசோ தகடு. மோட்டார் உடம்பில் ஒட்டிவிட்டால் அதிர்வு வந்ததும் சென்சார் எழுப்பிவிடும், 20 நிமிடம் தாண்டியும் அதிர்வு நிற்காவிட்டால் கத்தும்.

இந்த சென்சாரில் மூன்று மோடு: லோ பவர் 8 பிட், நார்மல் 10 பிட், ஹை ரெசொல்யூஷன் 12 பிட். பிட் கூடினால் அளவு நுணுக்கமாகும். ±2ஜி அளவில் (ஜி என்பது பூமியின் இழுப்பு) முதலாவதில் பிரித்தறியும் ஒரு படி 16 மில்லி ஜி, கடைசியில் 1 மில்லி ஜி. காசு கொடுத்து வாங்கியாச்சு, அப்புறம் எதற்குக் கஞ்சத்தனம் என்று 12 பிட்டையே போட்டேன், நொடிக்கு 200 தடவை அளக்கச் சொல்லி.

பெட்டி கத்தவே இல்லை. சுவிட்சைப் போடும்போது வரும் அந்த ஒரு குலுக்கலில் எழுந்து பார்க்கும், அப்புறம் ஒன்றுமில்லை என்று மறுபடி தூங்கிவிடும். கையை வைத்தால் மோட்டார் நடுங்குவது தெரிகிறது, சென்சாருக்குத் தெரியவில்லை! இரண்டு நாள் வயரிங்கையே சந்தேகப்பட்டு எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டிய பிறகுதான் டேட்டாஷீட்டில் (சென்சாரின் விவரக் குறிப்பில்) இருந்த ஒரு சின்ன அட்டவணையை ஒழுங்காகப் படித்தேன். ஹை ரெசொல்யூஷனில் பேண்ட்விட்த், அதாவது எவ்வளவு வேகமான அதிர்வு வரை தெரியும் என்பது, அளக்கும் வேகத்தில் ஒன்பதில் ஒரு பங்கு, மற்ற இரண்டிலும் பாதி. அதாவது 200-இல் எனக்குக் கிடைத்தது 22 ஹெர்ட்ஸ்தான். நம்மூர் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் இந்த வகை வீட்டு மோட்டார் நிமிடத்துக்கு 2850 சுற்று போலச் சுற்றும், நொடிக்குக் கிட்டத்தட்ட 47. அந்த நடுக்கத்தை வேண்டாத இரைச்சல் என்று நினைத்து சென்சாரே வடிகட்டி அமுக்கிவிட்டிருக்கிறது. நார்மலுக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. இதில் வேடிக்கை, 200-இல் இரண்டு மோடும் இழுப்பது அதே 38 மைக்ரோ ஆம்ப்.

அடுத்த வாரமே செல் செத்துப்போனது. மோடு மேல்தான் பழி போட்டேன். மல்டிமீட்டரை வைத்தால் 1.2 மில்லி ஆம்ப்! சென்சார் உட்கார்ந்திருக்கும் போர்டில் "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று எந்நேரமும் எரியும் சிவப்பு எல்இடிதான் காரணம். 220 மில்லி ஆம்ப் அவர் செல்லை அது ஒன்றே ஏழெட்டு நாளில் குடித்துவிடும். இதைக் கவனிக்காமல் நார்மலின் 38 மைக்ரோ ஆம்பா, லோ பவரின் 18-ஆ என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். சால்டரிங் அயர்ன் நுனியில் அந்த எல்இடியைப் பிய்த்துப் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் லோ பவரையும் பார்ப்போமே என்று தோன்றியது. மோட்டார் உடம்பில் அதிர்வு 100 மில்லி ஜியைத் தாண்டுகிறது, 16-இன் படியில் அது தாராளமாகத் தெரியும். 200 ஹெர்ட்ஸில் 18 மைக்ரோ ஆம்ப், சென்சாருக்கு மட்டும் கணக்குப் போட்டால் ஒரு செல் 17 மாதம் வரை வரும். செய்து பார்ப்பவர்களுக்கு: சென்சாரின் அமைப்புகளை வைக்கும் கன்ட்ரோல் ரெஜிஸ்டர் 1-இல் எல்பி (லோ பவர்) பிட்டை 1 ஆக்கும்போது ரெஜிஸ்டர் 4-இல் எச்ஆர் (ஹை ரெசொல்யூஷன்) பிட் 0-ஆக இருக்கிறதா பாருங்கள், இரண்டும் சேர்ந்து 1 ஆகக் கூடாது. மாறாத அளவை நீக்கி அதிர்வை மட்டும் விடும் ஹைபாஸ் ஃபில்டரையும் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பூமி இழுக்கும் 1000 மில்லி ஜி எப்போதும் ஒரு பக்கம் உட்கார்ந்துகொண்டு சும்மா சும்மா எழுப்பும்.

கேட்டை யாராவது அறைந்து சாத்தினால் இப்போதும் எழுகிறது, ஒரு நொடி பார்த்துவிட்டுத் தூங்கிவிடுகிறது, அது பரவாயில்லை. நாலு மாதமாக அதே செல். என்ன, பீசோ சத்தம் உள்ளே டிவி சத்தத்தில் எங்களுக்குக் கேட்பதில்லை, பக்கத்து வீட்டுக்குத்தான் நன்றாகக் கேட்கிறது. அந்த அக்கா இப்போது "தம்பி, பெட்டி கத்துது!" என்கிறார்.